அணைக்கட்டு, வெளிநாட்டுப் பணம், மலையகத்து நிலம்: தானமா வந்ததுக்கும் கடனா வந்ததுக்கும் சனத்துக்கு ஏதாவது வித்தியாசம் இருந்துச்சா?

கொழுந்துக்கூடை எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். எங்க வீட்டுல மாமாவுக்கும் எனக்கும் ஓயாம நடக்குற சண்டை இது, இங்க விஷயம் தெரிஞ்சவங்க இருக்கீங்கன்னு கேக்குறேன். மாமா சொல்றது என்னன்னா இலங்கையில விக்டோரியா அணைய வெள்ளக்காரன் சும்மா குடுத்தான், கொத்மலைய சுவீடன்காரன் சும்மா குடுத்தான், அதெல்லாம் நல்ல அணை, நாட்டுக்கு கரண்ட் வந்துச்சு, வயலுக்கு தண்ணி போச்சு. மேல் கொத்மலை ஜப்பான் கடன், உமா ஓயா ஈரான் கடன், அதனாலதான் அதுல பிரச்சினை. அதாவது தானம்னா நல்லது கடன்னா கெட்டது, இவ்வளவுதான் அவர் கணக்கு.

எனக்கு இது சரியாப் படல. தண்ணிக்குள்ள போன வீட்டுக்காரனுக்கு அந்தப் பணம் தானமா வந்தா என்ன கடனா வந்தா என்ன? ஆனா மாமா கேட்டா பதில் சொல்ற அளவுக்கு எனக்கு விவரம் தெரியாது. எங்க வாலிபர் சங்க மலருக்கு இதப் பத்தி ஒரு கட்டுரையும் எழுதணும்னு இருக்கேன். அரசியல் திட்டு வேணாம், யாரோட நிலம் போச்சு, பதிலுக்கு என்ன கிடைச்சது, போன எடத்துல எப்படிப் பொழச்சாங்க, அது தெரிஞ்சா சொல்லுங்க.

---

கணக்கப்பிள்ளை எழுதியது:

தம்பி, உங்க மாமா சொல்றதுல பாதி சரி. விக்டோரியாவுக்கு பிரிட்டன் குடுத்தது 100 மில்லியன் பவுண்டுக்கு மேல, அது தானம்தான், திருப்பிக் கட்ட வேண்டியதில்ல. ஆனா அந்தப் பணத்துல அணை கட்டினது யாரு? பிரிட்டிஷ் கம்பெனிங்க. கொத்மலைக்கு சுவீடன் உதவிப் பணம், கட்டினது ஸ்கான்ஸ்கா, அதுவும் சுவீடன் கம்பெனி. ரந்தெனிகலைக்கு மேற்கு ஜெர்மனி, மாதுறு ஓயாவுக்கு கனடா. குடுக்குற நாட்டுக் கம்பெனிக்கே வேலை போகணும்ங்கிறது அந்தக் காலத்து உதவிப் பணத்தோட பெரும்பாலும் ஒட்டிக்கிட்டு வந்த நிபந்தனை. அதுக்காக அது மோசடின்னு நான் சொல்ல வரல, விக்டோரியா 122 மீட்டர் உயரத்துல வளைவு அணை, 210 மெகாவாட், இன்னிக்கும் ஓடிக்கிட்டு இருக்கு. ஆனா "சும்மா குடுத்தான்"ங்கிறத கொஞ்சம் யோசிச்சுச் சொல்லணும்.

முக்கியமானது வேகம். இந்த நாலு அணையும் மகாவலி ஆத்துத் திட்டத்துல வந்தது. அதுக்கு முதல்ல போட்ட திட்டம் 30 வருஷத்துக்கு. 1977ல ஜே.ஆர். ஜெயவர்த்தனா ஆட்சிக்கு வந்ததும் அத 6 வருஷத்துக்குள்ள முடிக்கிறோம்னு சுருக்கி "துரித மகாவலி"ன்னு பேர் வச்சாங்க. 30 வருஷ வேலைய ஆறு வருஷத்துல செய்யணும்னா பணமும் மெஷினும் வெளிநாட்டுல இருந்து கொண்டு வந்துடலாம், ஆனா சனத்த ஒரு எடத்துல இருந்து கிளப்பி இன்னொரு எடத்துல வேரூண வைக்கிறத அப்படித் துரிதமாச் செய்ய முடியாது. அங்கதான் பிசகினது.

விக்டோரியால தெல்தெனிய டவுனே தண்ணிக்குள்ள போச்சு, சுத்தி இருந்த கிராமங்களும். ஆயிரக்கணக்கான குடும்பம். அவங்க எப்படி வாழ்ந்தாங்கன்னா மலைச்சரிவுல வீட்டுத் தோட்டம், பலா, கமுகு, மிளகுக்கொடி, கோப்பி, கராம்பு, கீழ பள்ளத்துல கொஞ்சம் வயல். எல்லாம் ஒண்ணுக்கு மேல ஒண்ணா அடுக்கடுக்கா இருக்கும், ஒரு விளைச்சல் போனா இன்னொண்ணு தாங்கும். அப்படி இருந்தவங்கள்ல நிறையப் பேரக் கொண்டு போய் கிராந்துருகோட்டைப் பக்கம், மகாவலி 'சி' வலயத்துல விட்டாங்க. ஒரு குடும்பத்துக்கு இரண்டரை ஏக்கர் வயல், வீட்டுக்கு அரை ஏக்கர். காகிதத்துல பாத்தா பழைய காணிய விடக் கூட. ஆனா அது வெயில் காடு, வாய்க்கால்ல தண்ணி எப்ப வரும்னு ஒரு ஆபிஸ் சொல்லணும், பெரும்போகம் சிறுபோகம்னு அவங்க அட்டவணைப்படிதான் விதைக்கணும், ஆரம்ப வருஷங்கள்ல மலேரியா, ராத்திரியானா யானை. மலேரியாவே தெரியாத மலைக்காரங்க அவங்க. பின்னால அதே கிராந்துருகோட்டை சிறுநீரக நோய் கூடுதலா இருக்குற பகுதின்னு பேர் வாங்கினது (காரணம் இன்னும் முழுசா நிறுவப்படல, அதனால அத அணை மேல போட வேணாம், மலர்ல எழுதினா கவனமா எழுதுங்க).

இன்னொரு சிக்கல் அடுத்த தலைமுறையில வந்துச்சு. அந்தக் காணி அனுமதிப்பத்திரக் காணி. இஷ்டத்துக்கு விக்க முடியாது, துண்டு போட முடியாது, பின்னுரித்தாளியா, அதாவது தனக்குப் பிறகு காணி யாருக்குன்னு, ஒருத்தர் பேரத்தான் பதியலாம். மூணு பிள்ளை இருந்தா ரெண்டு பேருக்கு நிலம் இல்ல. மலையில அப்பன் வீட்டுத் தோட்டத்த மூணா வகுந்து குடுத்திருப்பான், இங்க சட்டத்துல எடமில்ல, அதனால எழுத்துல இல்லாம வாய்ப்பேச்சுல குத்தகைக்கு விடுறது, அடகு வைக்கிறதுன்னு ஒளிவுமறைவா நடந்துச்சு, தகராறு வந்தா எந்தக் கோர்ட்டுக்கும் போக முடியாது.

நம்ம தோட்டத்து சனத்தப் பத்தியும் ஒரு வரி எழுதுங்க. அந்த நேரம் நம்மாள்கள்ல நிறையப் பேருக்கு குடியுரிமையே இல்ல, சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்துல இந்தியாவா இலங்கையான்னு தொங்கிக்கிட்டு இருந்தாங்க. காணி பிரிச்சுக் குடுக்குற கச்சேரில போய் பேர் குடுக்குற நிலைமையில அவங்க இல்ல.

---

மின்பொறி எழுதியது:

மேல சொன்னதெல்லாம் சரிதான் அய்யா, ஆனா எதிர்ப்பக்கமும் யாராவது சொல்லணும்ல. நான் கரண்ட் துறையில இருக்கேன். விக்டோரியாவும் கொத்மலையும் சேந்து 400 மெகாவாட்டுக்கு மேல, எரிபொருள் செலவே இல்ல. 1996ல மழை பொய்ச்சப்போ ஒரு நாளைக்கு மணிக்கணக்குல கரண்ட் வெட்டினது ஞாபகம் இருக்கிறவங்களுக்குத் தெரியும் இந்த நாடு அணைய எவ்வளவு நம்பி இருந்துச்சுன்னு. டீசலும் நிலக்கரியும் டொலர் குடுத்து வாங்கணும், மழைக்கு யாரும் பில் அனுப்புறதில்ல.

அதோட எல்லா அணையும் ஒண்ணு கிடையாது. விக்டோரியா 720 மில்லியன் கனமீட்டர் தேக்குற கடல். மேல் கொத்மலை ஆத்து ஓட்டத்த வச்சு ஓடுறது, தலவாக்கலையில 35 மீட்டர் சொச்சம் உயரத்துல அணை, தேங்குற தண்ணி ரொம்பக் கொஞ்சம், மிச்சம் 13 கிலோமீட்டர் கிட்ட சுரங்கத்துல போய் நியம்கம்தொரையில டர்பைன சுத்துது, 150 மெகாவாட். அதனால வெளியேறின குடும்பமும் சில நூறுதான், ஆயிரக்கணக்குல இல்ல. ஜப்பான் கடன்தான், 2002ல கையெழுத்து, 33 பில்லியன் யென். கட்டினதுலயும் ஜப்பான் கம்பெனி இருக்கு, அது அப்படித்தான். ஆனா இடம்பெயர்ந்த சனத்த நடத்தின விதத்தப் பாத்தா கடன்ல கட்டின மேல் கொத்மலை தானத்துல கட்டின விக்டோரியாவ விட மேல். உங்க மாமா கணக்கு இங்கயே தலைகீழ்.

கடன்ல உள்ள உண்மையான ஆபத்து வேற. வாங்கினது யென்ல, பில்லுல வர்ற வருமானம் ரூபாயில. ரூபா விழுந்தா அணை அதேதான், தண்ணியும் அதேதான், கடன் மட்டும் பெருசாயிடும். 2022 ஏப்ரல்ல வெளிநாட்டுக் கடன் கட்ட முடியாதுன்னு அரசாங்கம் கையத் தூக்கினப்போ இந்த மாதிரி திட்டக் கடன்களும் அந்த மூட்டைக்குள்ளதான் இருந்துச்சு.

---

ஊவாக்காரி எழுதியது:

உமா ஓயா பத்தி யாரும் பேசலையே, நான் சொல்றேன். நான் பண்டாரவளை ஆள் இல்ல, பதுளைப் பக்கம், ஆனா அந்த வீடுகளப் போய்ப் பாத்திருக்கேன்.

முதல்ல பணக் கதை. 2008ல அப்போதைய ஈரான் ஜனாதிபதி அஹ்மதிநெஜாத் வந்து நம்ம ஜனாதிபதியா இருந்த மகிந்தவோட சேந்து அடிக்கல் வச்சாங்க. ஈரான் ஏற்றுமதி அபிவிருத்தி வங்கி 85 சதவீதம் கடன் தர்றதா பேச்சு, கட்டுறது ஃபராப்ங்கிற ஈரான் கம்பெனி. பிறகு ஈரான் மேல தடை வந்து 2013ல பணம் நின்னுபோச்சு, மிச்சம் பெரும்பகுதிய நம்ம அரசாங்கமே போட்டுச்சு. அதாவது வெளிநாட்டுக் கடன்ல தொடங்கி உள்நாட்டுக் காசுல முடிஞ்சது, ஆனா வடிவமும் ஒப்பந்தமும் அதே பழசு. 2024 ஏப்ரல் 24ல ஈரான் ஜனாதிபதி ரைசி வந்து திறந்து வச்சார், அடுத்த மாசமே ஹெலிகொப்டர் விபத்துல இறந்துட்டார். 120 மெகாவாட்.

இப்ப நிலத்துக் கதை, அதுதான் இங்க வேற மாதிரி. இதுல அணைகள் சின்னது, தண்ணிக்குள்ள போன ஊர்னு பெருசா சொல்ல முடியாது. சேதம் வந்தது சுரங்கத்தால. உமா ஓயா தண்ணிய மலைக்கு அடியில பல கிலோமீட்டர் குடைஞ்சு வெல்லவாயப் பக்கம், கிரிந்தி ஓயாவுக்குக் கொண்டு போறாங்க. அந்த மலைப் பாறை முழுசா இல்ல, உள்ள வெடிப்பு வெடிப்பா இருக்கும், அந்த வெடிப்புக்குள்ளதான் மழைத் தண்ணி இறங்கித் தங்கும், பண்டாரவளைக் கிணறு ஊத்து எல்லாத்துக்கும் அதுதான் தாய். மெஷின் அந்த வெடிப்ப வெட்டினதும் பானைக்கு அடியில ஓட்டை போட்ட கதைதான். 2014 கடைசில தண்ணி சுரங்கத்துக்குள்ள பீச்சிக்கிட்டு வந்துச்சு, 2017ல திரும்பவும். மேல கிணறு வத்திப்போச்சு. தண்ணி இறங்கினதும் அது தாங்கிக்கிட்டு இருந்த மண்ணும் அமுங்கும், மண் அமுங்கினா வீடு வெடிக்கும். ஜன்னல் மூலையில இருந்து கூரைய நோக்கி கோணலா ஒரு வெடிப்பு ஓடும் பாருங்க, விரல் போகும் உள்ள. சில வீட்டுல வெடிப்புக்குக் குறுக்க சீமெந்து பொட்டு வச்சு தேதி எழுதி வச்சிருந்தாங்க, அந்தப் பொட்டும் உடைஞ்சிருந்தா இன்னும் அசையுதுன்னு அர்த்தம். 2017 ஜூன்ல பண்டாரவளையே கடையடைச்சு ரோட்டுக்கு இறங்கினது இதுக்குத்தான்.

அங்க சனம் மரக்கறித் தோட்டக்காரங்க, போஞ்சி, கோவா, உருளைக்கிழங்கு. பவுசர்ல வந்த தண்ணி குடிக்க சமைக்கப் போதும். பாத்திக்குப் பாய்ச்ச பவுசர் வருமா? வீட்டு வெடிப்புக்கு பிறகு இழப்பீடு குடுத்தாங்க, ஆனா "கிணறு வத்தினதால ரெண்டு போகம் நடல"ங்கிறத எந்தக் கட்டத்துல எழுதுறது, அப்படி ஒரு கட்டமே ஃபோர்ம்ல இல்லன்னு ஒரு அக்கா சொன்னாங்க. அதுதான் என் மனசுல நிக்குது. நிலத்த எடுத்தா நட்டஈடுன்னு சட்டம் இருக்கு. நிலம் உங்ககிட்டயே இருக்கு, காணி உறுதிப் பத்திரமும் பெட்டிக்குள்ள இருக்கு, அதுக்கடியில இருந்த தண்ணி மட்டும் போச்சுன்னா அதுக்கு என்ன பேர்?

---

குளக்கட்டு எழுதியது:

மகாவலி எண்டு கதைக்க வெளிக்கிட்டால் எங்கட பக்கத்தையும் சேர்க்க வேணும். மகாவலி 'எல்' வலயம் எண்டு முல்லைத்தீவு, மணலாறு பக்கம் 1988இல வர்த்தமானியில போட்டவை. இண்டைக்கு வரைக்கும் மகாவலித் தண்ணி ஒரு சொட்டு அங்க வரேல்லை. தண்ணி வராத இடத்தை எப்பிடி நீர்ப்பாசன வலயம் எண்டு சொல்லுறது எண்டு கேட்டால் பதில் இல்லை, ஆனால் காணி அதிகாரம் மட்டும் மகாவலி அதிகாரசபைக்குப் போயிட்டுது.

கொழுந்துக்கூடைக்கு ஒரு தகவல், உங்கட மலையகச் சனமும் இதுக்குள்ள வருது. 1977 கலவரத்தில அடிபட்டு வந்த மலையக ஆக்கள் கனபேர் கென்ற் பாம், டொலர் பாம் எண்ட பண்ணைப் பக்கம் வந்து காடு வெட்டிக் குடியிருந்தவை. 1984இல அவையை அங்கயிருந்து எழுப்பிப்போட்டு சிறைக் கைதிகளைக் கொண்டுவந்து குடியேத்தினவை. அதே வருசம் நவம்பரில அந்தக் குடியேறின ஆக்களையும் புலிகள் வெட்டிச் சுட்டவை, அதையும் மறைக்கக் கூடாது. அணை எங்கயோ மலையில நிக்குது, அதின்ர பேரால காணி போனது இங்க.

---

மின்பொறி எழுதியது:

குளக்கட்டு அண்ணே, நீங்க சொல்றது காணி அரசியல், உண்மைதான், ஆனா அத அணைக்குப் பணம் குடுத்த சுவீடன் மேலயும் பிரிட்டன் மேலயும் போட முடியாதே. திரி வேற பக்கம் போயிடும்.

---

குளக்கட்டு எழுதியது:

நான் அவையின்ர தலையில போடேல்லைத் தம்பி. மாதுறு ஓயாவைப் பாருங்கோ. கனடாவின்ர காசு, அணை கட்டேக்க அதே இடத்தில பழங்காலத்து மதகு ஒண்டு நிலத்துக்கடியில இருந்து வெளிப்பட்டது, அதைப் பற்றி எல்லாரும் பெருமையாக் கதைச்சினம். ஆனால் நீர்ப்பிடிப்புக் காட்டை 1983இல தேசியப் பூங்கா ஆக்கினதால அங்க தலைமுறையா வேட்டையாடித் தேன் எடுத்த வேடர் சனத்தை ஹெனானிகலவுக்கு அனுப்பினது. வயல் குடுத்தது உண்மை. வேடர் தலைவர் திசாஹாமியின்ர குடும்பம் போகமாட்டன் எண்டு தம்பானையிலயே நிண்டது. பிறகு தன்ர காட்டுக்குள்ள வேடன் போனால் அவன் குற்றவாளி. காசு குடுத்த நாடு இதைச் செய் எண்டு சொன்னதோ இல்லையோ, அணை முடிஞ்சுது எண்டு போகேக்க பின்னால என்ன நடக்குது எண்டு பாத்ததோ எண்டுதான் என்ர கேள்வி.

---

கொழுந்துக்கூடை எழுதியது:

எல்லாருக்கும் நன்றி, இவ்வளவு வரும்னு நினைக்கல. வேடர் விஷயம் எனக்குப் புதுசு. மின்பொறி அண்ணே, மேல் கொத்மலையில சனத்த நல்லா நடத்தினதா சொன்னீங்க, எதனால? ஜப்பான்காரன் நல்லவன்கிறதாலயா? எனக்குத் தெரிஞ்சு நம்ம கட்சிக்காரங்களே அதுக்கு எதிரா எவ்வளவு கத்தினாங்க.

---

கணக்கப்பிள்ளை எழுதியது:

கத்தினதாலயும்தான் தம்பி. முதல்ல சுத்தி இருக்குற பல ஆத்த மறிச்சு சுரங்கத்துக்குள்ள விடுறதா இருந்தாங்க, எதிர்ப்பு வலுத்த பிறகு கொத்மலை ஓயா மட்டும்னு குறைச்சாங்க. சென்கிளயர் அருவி செத்துடும்னு சத்தம் போட்டதாலதான் பகல்ல தண்ணி விடுறதா ஒத்துக்கிட்டாங்க.

ஆனா அதவிடப் பெரிய காரணம் ஒண்ணு இருக்கு, இத மலர்ல கட்டாயம் போடுங்க. விக்டோரியா, கொத்மலை காலத்துல இருந்தது 1950ம் வருஷத்து காணி எடுத்தல் சட்டம். அதுல நட்டஈடு உரிமைக்காரனுக்கு. உறுதி இருக்கணும், இல்ல வேற ஏதாவது உரித்து காட்டணும். தோட்டத்து லயத்துல (வரிசை வீட்டுல) நாலு தலைமுறையா இருக்கிறவனுக்கு என்ன உறுதி இருக்கு? லயமும் தோட்டத்துது, கீரை போட்ட பாத்தியும் தோட்டத்துது, மாட்டுப்பட்டி அவன் கையால கட்டினது ஆனா நிலம் தோட்டத்துது. அந்தச் சட்டப்படி பாத்தா அவன் எதையும் இழக்கவே இல்ல. 2001ல இடம்பெயர்த்து மீள்குடியேத்துறதுக்கான தேசியக் கொள்கைன்னு ஒண்ண அமைச்சரவை ஏத்துக்கிச்சு, அதுலதான் உறுதி இல்லாதவனையும் கணக்குல எடுக்கணும்னு வந்துச்சு. மேல் கொத்மலைக் கடன் 2002. அதனால லயத்து ஆளுக்கும் கடை வாடகைக்காரனுக்கும் ஏதோ கிடைச்சுது, தலவாக்கலையில புது வீடு கட்டிக் குடுத்தாங்க. அந்தக் கொள்கை வர்றதுக்கு வெளிநாட்டு வங்கிக்காரங்க நெருக்கினதும் ஒரு காரணம், அதையும் மறைக்க வேணாம். ஆக கடன்காரன் போட்ட நிபந்தனையால ஒரு லயத்துக்காரனுக்கு வீடு கிடைச்சுது, தானக்காரன் கம்பெனிக்கு நிபந்தனை போட்டும் சனத்துக்காக அப்படி ஒண்ணும் போடாததால ஒரு கிராமத்தான் காட்டுக்குப் போனான். மாமாகிட்ட இத அப்படியே சொல்லுங்க.

ஒரு குறை: கொள்கை சட்டம் ஆகல. கொள்கைய அதிகாரி பாத்தா பாப்பான், பாக்காட்டி கோர்ட்டுல நிக்காது.

---

ஊவாக்காரி எழுதியது:

அய்யா, அந்தக் கொள்கை 2001ல வந்தும் பண்டாரவளைக்கு அது ஏன் உதவலங்கிறதுக்கும் இதுலயே பதில் இருக்கு. அது எழுந்து போறவங்களுக்கான கொள்கை. பண்டாரவளையில யாரையும் எழும்பச் சொல்லல. சுற்றாடல் அறிக்கைய வேலை தொடங்குறதுக்கு முன்னாடி நிலத்தடித் தண்ணி வரைக்கும் ஒழுங்கா அளந்து செஞ்சிருந்தா எந்தக் கிணத்துல எத்தனை அடி தண்ணி இருந்துச்சுன்னு பதிவு இருந்திருக்கும். கிணத்து மட்டத்த யாரும் முன்னாடி அளந்து வைக்கலன்னா பிறகு "உங்க கிணறு கோடையில எப்பவும் வத்துறதுதானே"ன்னு கேக்குறவனுக்கு பதில் சொல்ல கையில காகிதம் இல்ல. சனம் என்ன கிணத்து மட்டத்த நோட்டுல எழுதியா வைக்கும்?

---

மின்பொறி எழுதியது:

இதுல நான் உங்க பக்கம்தான் அக்கா. சுரங்கம் போற பாதைக்கு மேல இருக்குற கிணறு ஊத்து எல்லாத்தையும் ஒரு வருஷம் முன்னாடியே மாசா மாசம் அளக்கணும், அது பெரிய செலவே இல்ல, மொத்தத் திட்டத்துல தூசு. பாறை வெடிப்ப முன்னாடியே துளை போட்டுப் பாத்து சீமெந்துக் கரைசல் அடிச்சு அடைச்சுக்கிட்டே போனா தண்ணிய நிப்பாட்டலாம், மெதுவாத்தான் போகும். அவசரம்னா அதத்தான் முதல்ல வெட்டுவாங்க.

கொழுந்துக்கூடை, இனி வர்றதப் பத்தியும் எழுதுறதா இருந்தா ஒண்ணு சொல்றேன். சுற்றாடல் தாக்க அறிக்கைய பொதுமக்கள் பார்வைக்கு 30 நாள் வைக்கணும்னு சட்டம். அத மூணு மொழியிலயும் வைக்கணும். தமிழ்ப் பிரதி இருக்கான்னு பிரதேச செயலகத்துல போய்க் கேட்டுப் பாருங்க, இல்லன்னா எழுத்துல கேளுங்க, அந்த 30 நாளுக்குள்ள குடுத்த எதிர்ப்புக்கு அவங்க எழுத்துல பதில் சொல்லியாகணும்.

---

கொழுந்துக்கூடை எழுதியது:

அருமை. மாமாவுக்கு திரிய அனுப்பிட்டேன், "கணக்கப்பிள்ளை யாரு, எந்தத் தோட்டம்"னு மட்டும் கேட்டு வாட்ஸ்அப்ல மெசேஜ் வந்திருக்கு, மத்ததுக்கு பதிலக் காணோம் 😄

குளக்கட்டு அண்ணே, 1984ல மணலாறு பக்கத்துல இருந்து எழுப்பின மலையக ஆக்கள்ல யாராவது இப்ப பேசக்கூடியவங்க உங்களுக்குத் தெரிஞ்சா தனிச் செய்தில சொல்லுங்க, பேர் போடாமத்தான் எழுதுவேன்.